செட்டிநாட்டிலிருந்து டெக்சஸ் போய் வில்வேட்டை: என்ன வாங்குவது, எந்த வரிசையில் வாங்குவது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஹூஸ்டன், டல்லாஸ் என்று வேலைக்குப் போகிறவர்களில் சிலருக்கு, அங்கே உடன் வேலை பார்ப்பவர்களைப் பார்த்து மான் வேட்டை ஆசை வந்துவிடுகிறது. மாணவர் விசாவிலோ ஹெச்-1பி விசாவிலோ இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளும் உண்டு. வில் அந்தச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கி இல்லை. அதனால் பலர் வில் பக்கம் சாய்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போய், சுவரில் தொங்குவதிலேயே விலை கூடிய, இழுக்க 70 பவுண்டு பலம் கேட்கும் வில்லை எடுத்துக்கொண்டு வருவார்கள். தோள் வலி, கையில் நாண் அடித்த தழும்பு, எங்கே போகிறதென்று தெரியாத அம்பு. ஆறு மாதத்தில் வில் பாதி விலைக்குப் போய்விடும். வரிசை தலைகீழாகப் போனதுதான் காரணம். முதலில் உடம்பின் அளவு, அடுத்து அம்பு, கடைசியில்தான் வில். இந்தக் கட்டுரை அந்த வரிசையில் போகிறது.

1. எங்கே குற்றம், எங்கே உரிமம்

இதைத் தாண்டாமல் மேலே போக வேண்டாம். இந்தியாவில் வேட்டை குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில், விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, முயன்று தப்பவிடுவது எல்லாமே வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். முதல் பட்டியலில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மயிலும் வெளிமானும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. "நம்ம தோப்புதானே, முயல்தானே" என்ற பேச்சு வனச்சரகர் முன்னால் எடுபடாது. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடியிலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் வந்து தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அந்த வட்டாரத்தில் அம்பும் கையுமாகத் திரிகிறவனுக்கு ஊர்க்காரர்களே ஆள் அனுப்புவார்கள்.

இங்கே தொடக்கூடாத புள்ளிமான், வெளிமான், நீல்காய் (பெரிய மறிமான் வகை) மூன்றும் டெக்சஸில் வெளியிலிருந்து கொண்டுவந்து பெருகிய விலங்குகள். அதனால் அங்கே அவற்றுக்குத் தடைக்காலம் இல்லை. வேட்டை உரிமமும் நில உரிமையாளரின் சம்மதமும் இருந்தால் போதும். உள்ளூர் வெள்ளைவால் மானுக்குத்தான் பருவம் உண்டு. காட்டுப்பன்றி என்றால், 2019 முதல் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் இருந்தால் உரிமமே தேவையில்லை.

எல்லா நாடும் அப்படி இல்லை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வில்லால் வேட்டையாடுவது சட்டவிரோதம். அமெரிக்காவிலேயே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கீழே சொல்லும் விதிகளும் கட்டணமும் டெக்சஸுக்கானவை. வேறு மாநிலம் என்றால் அந்த மாநில வனவிலங்குத் துறையின் அந்த வருட விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

2. ஊரிலேயே எடுத்துக்கொண்டு போக வேண்டிய அளவுகள்

மூன்று அளவு. மூன்றுக்கும் காசு கிடையாது.

முதலாவது இழுப்பு நீளம். கடையில் டிரா லெங்த் என்பார்கள். தையற்காரரின் அங்குல டேப் போதும். சுவரில் முதுகு சாய்த்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். கையை விறைத்து நீட்டாதீர்கள். இயல்பாக எட்டுகிற அளவே கணக்கு. வந்ததை 2.5ஆல் வகுத்தால் இழுப்பு நீளம். 65 அங்குலம் வந்தால் 26. 67½ வந்தால் 27. 70 வந்தால் 28. நம் ஊர் ஆண்கள் பெரும்பாலும் 26 முதல் 28க்குள் விழுவார்கள். அமெரிக்கக் கடைகளில் காட்சிக்கு வைக்கும் வில் பெரும்பாலும் 29 அங்குலத்தில் இருக்கும். விற்பவர் அவசரத்தில் இருந்தால் அதையே கையில் கொடுத்து "சரியாகத்தான் இருக்கிறது" என்பார்.

நீளம் அதிகமான வில்லைக் கண்டுபிடிப்பது எளிது. முழுதாக இழுத்து நிற்கும்போது தலை பின்னால் சாயும். வில் பிடித்த கையின் முழங்கை பூட்டிக்கொள்ளும். இழுக்கும் கை காதைத் தாண்டிப் போகும். விட்டவுடன் நாண் முன்கையில் சுளீரென அடிக்கும். சந்தேகம் வந்தால் அரை அங்குலம் குறைவாக வையுங்கள். அரை அங்குலம் குறைந்தால் வேகத்தில் நொடிக்கு 5 அடி போல் போகும், அவ்வளவுதான். அரை அங்குலம் கூடினால் குறியே போய்விடும்.

இரண்டாவது, எந்தக் கண் ஆளுகிறது என்பது. இரு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண ஓட்டை வருமாறு சேர்த்து, தூரத்துக் கதவுக் கைப்பிடியை அதற்குள் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கைப்பிடி ஓட்டைக்குள் நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இடக்கை வில் பழகலாம், அல்லது இடக்கண்ணை மூடிக் குறி பார்க்கலாம். இடக்கை வில் வாங்கினால் மறுவிற்பனைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அதற்காகப் பொருந்தாத வலக்கை வில்லை வாங்காதீர்கள்.

மூன்றாவது உங்கள் இழுக்கும் பலம். அதை அடுத்த தலைப்பில் பார்ப்போம்.

3. எத்தனை பவுண்டு: 70 வேண்டாம்

காம்பவுண்ட் என்ற நவீன வேட்டை வில்லில், நாண் ஓடும் உருளைகள் இருப்பதால் இழுக்கும் எடை முழுவதும் இழுப்பின் நடுவில்தான் தெரியும். கடைசியில் பெரும்பகுதி கழன்றுவிடும். இதை லெட்-ஆஃப் என்பார்கள். 60 பவுண்டு வில், 80 சதவீத லெட்-ஆஃப் என்றால் முழுதாக இழுத்தபின் கையில் நிற்பது 12 பவுண்டுதான். இதை நம்பித்தான் பலர் 70க்குப் போகிறார்கள். ஆனால் மான் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த உடம்போடு அந்த 70ஐத் தாண்டித்தான் 12க்கோ 14க்கோ போக முடியும்.

சோதனை இது. நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதத்தையும் தரையிலிருந்து தூக்குங்கள். வில்லை மேலே தூக்காமல், குறிக்கு நேராக நீட்டியபடியே மெதுவாக இழுங்கள். முப்பது நொடி பிடித்து, அதே மெதுவாகத் திரும்ப இறக்குங்கள். எடையைக் கடக்க வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்க வேண்டியிருந்தால் அந்த வில் உங்களுக்கு அதிகம். பெரும்பாலான புதியவர்களுக்கு 50 முதல் 55 பவுண்டு சரி. வெள்ளைவால் மான், புள்ளிமான், பன்றி எல்லாவற்றுக்கும் அது போதும். ஏன் போதும் என்று அம்புக் கணக்கில் தெரியும்.

50–60 பவுண்டு லிம்ப் (வில்லின் வளையும் கை) உள்ள வில்லையே வாங்குங்கள். லிம்ப் போல்ட்டைத் திருகி 10 பவுண்டு வரை குறைத்துக்கொள்ளலாம். 60–70 வில்லை வாங்கிப் போல்ட்டைக் கழற்றிக் கழற்றி 50க்குக் கொண்டுவருகிறேன் என்று இறங்காதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன சுற்றுக்கு மேல் கழற்றினால் லிம்ப் பிய்த்துக்கொண்டு முகத்துக்கு வரும்.

4. ஊரில் பயிற்சி: எதை வாங்கலாம், எங்கே எய்யலாம்

வேட்டைக்கான காம்பவுண்டை இங்கே வாங்காதீர்கள். சுங்கம் சேர்ந்து விலை ஏறும். நாண் மாற்ற, உருளை சரிசெய்ய வில் அழுத்தும் பிரஸ் பக்கத்தில் இருக்காது. பயிற்சிக்கு 24 முதல் 28 பவுண்டு ரிகர்வ் (உருளை இல்லாத) வில் ஒன்று போதும். இந்தியன் ரவுண்ட் போட்டிக்காரர்கள் பயன்படுத்தும் மூங்கில் வில் இன்னும் மலிவு, சில ஆயிரம் ரூபாயில் முடியும். ரிகர்வில் லெட்-ஆஃப் கிடையாது. 28 பவுண்டும் கடைசிவரை கையிலேயே நிற்கும். மூன்று மாதம் இதில் முதுகால் இழுக்கப் பழகினால் அங்கே 50 பவுண்டு காம்பவுண்ட் பாரமாகத் தெரியாது. பயிற்றுநர் பற்றிச் சிவகங்கை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். மதுரை, திருச்சியிலும் விசாரிக்கலாம்.

இடம்தான் சிக்கல். தெருவிலிருந்து மறுதெருவரை நீளும் வீடு இருக்கிறது, முகப்பில் நின்று வளவைத் தாண்டிப் பின்கட்டுவரை எய்தால் 20 கெஜம் தாராளமாகக் கிடைக்கும் என்று தோன்றும். கூடவே கூடாது. எந்தக் கதவிலிருந்தும் ஆச்சி ஒருவர் முறத்தோடு வெளியே வரலாம். தவறிய அம்பு தூணிலோ ஆத்தங்குடிக் கல்லிலோ பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கண்மாய்க் கரையைத் தடுப்பாக நினைப்பதும் தப்பு. கரைக்கு அந்தப்பக்கம் ஆடு மேய்கிறவர் இருப்பார், கரைமேலேயே ஆள் நடப்பார். நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற சுற்றுச்சுவர் உள்ள தோப்பு, குறிக்குப் பின்னால் ஆளுயர மண்மேடு, பக்கவாட்டில் யாரும் நுழைய முடியாத வழி. இது கிடைக்காவிட்டால் பயிற்சி மையத்தில் மட்டும் எய்யுங்கள்.

குறி செய்ய, சணல் சாக்கில் பழைய துணியையும் பாலிதீனையும் இறுக அடைத்து வாயைத் தைத்தால் 28 பவுண்டுக்குத் தாங்கும். பனைமரத்தில் எய்யாதீர்கள், முனை திரும்ப வராது.

இங்கே தரை செம்புறாங்கல்லும் சரளையும். தவறிய கார்பன் அம்பு கல்லில் உரசினால் வெளியில் தெரியாத விரிசல் விடும். அடுத்த முறை நாணில் ஏற்றி விடும்போது அது வில் பிடித்த கைக்குள்ளேயே சிதறும். இது பயமுறுத்தும் பேச்சு இல்லை, கையில் கார்பன் சிராய் ஏறி அறுவை செய்யும் அளவுக்குப் போகும். ஒவ்வொரு தவறிய அம்பையும் எடுத்தவுடன் இரு முனையையும் பிடித்து லேசாக வளையுங்கள், சுழற்றிச் சுழற்றி நான்கு பக்கமும் வளையுங்கள். சிறு "கிரிக்" கேட்டாலும் ஒடித்துக் குப்பையில் போடுங்கள். இந்தப் பழக்கம் அங்கேயும் கூட வரட்டும்.

5. அம்பு: நேரமும் காசும் இங்கே போகட்டும்

வில் தள்ளிவிடும், அவ்வளவுதான். விலங்குக்குள் போகிறது அம்பு. ஆனால் கடையில் வில்லுக்கு ஒரு மணி நேரமும் அம்புக்கு ஐந்து நிமிடமும்தான் ஒதுக்குவார்கள்.

முதலில் ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கவிட்டு நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு அங்குலம் தொய்கிறது என்பதை ஆயிரத்தால் பெருக்கிய எண் அது. அரை அங்குலம் தொய்ந்தால் 500. எனவே எண் குறையக் குறைய விறைப்பு கூடும். 400ஐ விட 340 விறைப்பு. பலர் இதைத் தலைகீழாக நினைத்து ஒரு டஜன் தப்பாக வாங்கிவிடுகிறார்கள். வில்லின் எடை கூடினாலும், அம்பு நீளமானாலும், முனையின் எடை கூடினாலும் தண்டு அதிகம் வளையும், அதனால் இன்னும் விறைப்பானது வேண்டும்.

27 அங்குல இழுப்பு, 55 பவுண்டு என்று ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண 100 கிரெயின் (அம்பின் எடையை அளக்கும் சின்ன அலகு) முனை என்றால் ஸ்பைன் அட்டவணை 400ஐக் காட்டும். நமக்கு முன்பக்கம் கனம் வேண்டும் என்பதால் 125 கிரெயின் முனையும் முனையைத் திருகத் தண்டுக்குள் ஒட்டும் 50 கிரெயின் பித்தளை இன்செர்ட்டும் போடுகிறோம். அப்போது 340 அல்லது 350. தண்டு நீளம் 27½ அங்குலம். அங்குலத்துக்கு 9 கிரெயின் வீதம் தண்டு 247, இன்செர்ட் 50, முனை 125, மூன்று இறகு 18, நாணில் மாட்டும் பின்முனையான நாக் 10. மொத்தம் 450 கிரெயின்.

450 கிரெயின் என்பது 29.2 கிராம். இதைச் சரிபார்க்க மில்லிகிராம் காட்டும் நகைக்கடைத் தராசுதான் சரியான கருவி. கையடக்கமாக ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், கிரெயினும் காட்டும். ஆறு அம்பும் ஒன்றுக்கொன்று 5 கிரெயினுக்குள் இருந்தால் போதும். நேர்த்தன்மையில் .001 என்று எழுதியதற்கு இரட்டை விலை கொடுக்க வேண்டாம், .003 தாராளம்.

இனி வேகம். வில் பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெயின் அம்புக்கானது. உங்களுடையது அல்ல. தோராயக் கணக்கு: இழுப்பு ஒரு அங்குலம் குறைந்தால் நொடிக்கு 10 அடி போகும். பவுண்டுக்கு 5 கிரெயின் என்ற அளவுக்கு மேல் அம்பில் கூடும் ஒவ்வொரு 3 கிரெயினுக்கும் 1 அடி போகும். நாணில் பீப் (குறி பார்க்கும் ஓட்டை) முதலியவற்றுக்கு 5 அடி கழியுங்கள். பெட்டியில் 330 என்றால், நீளத்துக்கு 30, கூடுதல் 175 கிரெயினுக்கு 58, நாணுக்கு 5 கழித்து 237 அடி.

ஆற்றல் காண, கிரெயின் எடையை வேகத்தின் இருமடியால் பெருக்கி 450240ஆல் வகுக்க வேண்டும். 56 அடி-பவுண்டு வருகிறது. ஈஸ்டன் நிறுவன அட்டவணைப்படி மானுக்கு 25 முதல் 41 போதும், எல்க், கருங்கரடி, காட்டுப்பன்றிக்கு 42 முதல் 65. 55 பவுண்டு வில்லிலேயே இரண்டாவது வரிசையில் நிற்கிறோம். 70 பவுண்டு எதற்கு?

அதே வில்லில் 350 கிரெயின் லேசான அம்பு போட்டால் 270 அடி வேகம் போகும். ஆற்றல் கிட்டத்தட்ட அதே 56தான். ஆனால் உந்தம், அதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்கும் தள்ளல், கனமான அம்பில் 12–13 சதவீதம் அதிகம். விலா எலும்பில் பட்டபின் மறுபக்கம் வெளியேறுவதை அது தீர்மானிக்கும். வில்லின் சத்தமும் குறையும். புள்ளிமான் நாண் சத்தத்துக்கே குனிந்து பாயும் ஜாதி என்பதால் இது சின்ன விஷயமில்லை. கனமான அம்பு அதிகம் விழுமே என்பார்கள். குறி பார்க்கும் கருவியின் 30 கெஜ ஊசியை வைத்து 33 கெஜத்தில் நிற்பதை எய்தால் 450 கிரெயின் அம்பு 3 அங்குலம் தாழும், 350 கிரெயின் அம்பு இரண்டரை அங்குலம் தாழும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் கீழே மட்டும் எப்போதும் போகாதீர்கள். அது வெறும் நாணை விடுவதற்குச் சமம், வில் உடையும், உத்தரவாதமும் போகும்.

முன்கனமும் பார்க்க வேண்டும். நாக்கின் பள்ளத்திலிருந்து தண்டின் முனைவரை நீளம் அளந்து, அம்பை விரலில் சமநிலைப்படுத்தி அந்த இடத்தைக் குறியுங்கள். 28 அங்குல அம்பு, நாக்கிலிருந்து 17.4 அங்குலத்தில் சமநிலை என்றால், 17.4லிருந்து பாதி நீளமான 14ஐக் கழித்து 28ஆல் வகுக்க 12 சதவீதம். 10 முதல் 15 வரை நல்லது.

நீல்காய் வேறு கதை. பெரிய காளை 200 கிலோவைத் தாண்டும், தோள்தோல் மிகத் தடிமன். அதற்கு 60 பவுண்டுக்கு மேல், 550 கிரெயினுக்கு மேல் என்று போக வேண்டும். முதல் வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

6. வேட்டை முனை

பயிற்சிக்கு பிளேடு இல்லாத ஃபீல்ட் பாயிண்ட், வேட்டைக்கு பிளேடு உள்ள பிராட்ஹெட். டெக்சஸ் விதிப்படி பிராட்ஹெட் பட்டவுடன் குறைந்தது ⅞ அங்குல அகலம் இருக்க வேண்டும், இரண்டு வெட்டுமுனையாவது வேண்டும். நிலையான பிளேடு, பட்டவுடன் விரியும் மெக்கானிக்கல் என இரண்டு வகை. மெக்கானிக்கல் ஃபீல்ட் பாயிண்ட் போலவே பறக்கும், அதனால் கடைக்காரர் அதையே நீட்டுவார். ஆனால் விரிவதற்கே ஆற்றலில் ஒரு பங்கு செலவாகும், சாய்வாகப் பட்டால் ஒழுங்காக விரியாமலும் போகலாம். 50–55 பவுண்டு வில்லுக்கு 1⅛ அங்குல நிலையான பிளேடு, 125 கிரெயின். யோசிக்கவே வேண்டாம்.

முனை மாற்றும்போது அதற்கான பிளாஸ்டிக் சாவியால் மட்டும் திருகுங்கள், விரலால் தொடாதீர்கள். மாட்டியபின் அம்பை நுனியில் நிறுத்திச் சுழற்றுங்கள். ஆடினால் இன்செர்ட் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. மூன்று உள்ள பெட்டியில் ஒன்றைப் பயிற்சிக்கே ஒதுக்குங்கள். மண்ணிலோ குறியிலோ போன பிளேடைத் தீட்டாமல் வேட்டைக்கு எடுக்காதீர்கள்.

7. இப்போது வில்

மேல் உருளையின் அச்சிலிருந்து கீழ் உருளையின் அச்சுவரை 30 முதல் 33 அங்குலம், நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே 6 முதல் 7 அங்குலம், பிரஸ் இல்லாமலே இழுப்பு நீளத்தை மாற்றும் உருளை. இந்த மூன்றும் இருந்தால் எந்தப் பெயரும் சரி. குறி பார்க்கும் குறிப்பான், அம்பைத் தாங்கும் ரெஸ்ட், அம்பறாத்தூணி எல்லாம் மாட்டி விற்கும் முழுத்தொகுப்பு 400 முதல் 600 டாலர். முதல்தர மாடல் வெறும் வில்லே 1,100 டாலருக்கு மேல். அதில் கூடுதலாகக் கிடைப்பது மென்மையும் அமைதியும். மானுக்கு வித்தியாசம் தெரியாது.

பழைய வில் வாங்கலாம், இதையெல்லாம் பார்த்து: லிம்ப் ஓரத்தில் பஞ்சு உருண்டையைத் தேய்த்துக்கொண்டே போங்கள், நார் எங்கே சிக்குகிறதோ அங்கே விரிசல். நாணில் பிசிறு இருந்தாலோ இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தாலோ புது நாணின் செலவை விலையில் கழியுங்கள். சில வில்லில் ஒவ்வொரு இழுப்பு நீளத்துக்கும் தனி மாட்யூல் (உருளையில் மாட்டும் துண்டு), அது தனிச் செலவு. முன்னாள் உரிமையாளர் ஆறடி இரண்டங்குலம் என்றால் அந்த வில்லை விட்டுவிடுங்கள். சோதிக்கிறேன் என்று அம்பில்லாமல் நாணை விடவே கூடாது. ஒரு தடவை போதும் வில் உடைய.

வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை வைக்காதீர்கள். டெக்சஸ் ஆகஸ்ட் நம் சித்திரைக்குக் குறைந்ததில்லை. நாண் நீளும், பீப் திரும்பும், குறி மாறும்.

மற்றவை சுருக்கமாக. ரெஸ்ட்: முள்கொத்துப் போல் அம்பைச் சுற்றிப் பிடிக்கும் வகை புதியவருக்கு நல்லது, அம்பு விழாது. குறிப்பான்: 20, 30, 40 கெஜத்துக்கு மூன்று ஊசி. ரிலீஸ் (நாணை விடும் கருவி): மணிக்கட்டில் கட்டும் ஆட்காட்டி விரல் வகை, எப்போதும் ஒரே துளையில் கட்டுங்கள். வில்லை ஆடாமல் நிறுத்தும் ஸ்டெபிலைசர் பிறகு வாங்கலாம். தூரமானி மட்டும் அவசியம், மரத்தின் மேலிருந்து எய்யப் போகிறீர்கள் என்றால் கோணத்தைக் கழித்துக் காட்டுவதாக இருக்கட்டும். மரப்பரண் ஏறுவதானால் முழுஉடல் பாதுகாப்புக் கச்சை இல்லாமல் ஏறாதீர்கள். வில்வேட்டையில் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் பரணிலிருந்து விழுந்துதான்.

8. கடையில் முடித்துக்கொண்டு வர வேண்டியவை

வில்லையும் அம்பையும் சேர்த்து ஒரே கடையில் சரிசெய்யச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கிக் கொண்டுபோனால் தனிக்கூலி வாங்குவார்கள், அதுவும் நியாயம்தான். எடையைத் தராசில் மாட்டி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், போல்ட்டில் எழுதியதை நம்ப வேண்டாம். பீப் உயரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, இழுத்தபின் கண்ணைத் திறந்து பாருங்கள். தலையை ஆட்டாமலே ஓட்டை வழியாக ஊசி தெரிய வேண்டும். காகிதத்தின் ஊடே எய்து கிழிசல் ஒரே ஓட்டையாக வரும்வரை ரெஸ்ட்டை நகர்த்துவார்கள். அதுவரை கடையை விட்டு நகராதீர்கள்.

இதோடு முடியவில்லை. 20, 30 கெஜத்தில் ஃபீல்ட் பாயிண்ட்டும் பிராட்ஹெட்டும் ஒரே இடத்தில் படுகிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். பிராட்ஹெட் இடப்பக்கம் போனால் ரெஸ்ட்டை வலப்பக்கம் ஒரு அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு நகர்த்தி மறுபடி எய்யுங்கள். குறிப்பானைத் தொடாதீர்கள். குறிப்பானைத் திருகினால் பிராட்ஹெட் சேரும், ஃபீல்ட் பாயிண்ட் விலகும், அப்படியே சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

மானின் உயிர்நிலை 8 முதல் 10 அங்குல வட்டம். எந்தத் தூரத்தில் முதல் அம்பை, உடம்பு சூடாகாமலே, 6 அங்குலத் தட்டுக்குள் தவறாமல் போடுகிறீர்களோ அதுதான் உங்கள் வேட்டைத் தூரம். புதியவருக்கு அது பெரும்பாலும் 20, 25 கெஜம். விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்று விலகிப் போகும் கோணத்தில். முகம் காட்டி நிற்பதை எய்யாதீர்கள்.

9. ஆவணம், செலவு, காலம்

1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டைக் கல்விச் சான்று எடுக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இணையத்திலேயே முடிக்கலாம். நேரமில்லை என்றால் 10 டாலருக்கு ஒருமுறை மட்டும் தள்ளிப்போடும் அனுமதி உண்டு, ஆனால் உரிமமுள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து அங்கே குடியிருந்தால் உள்ளூர்க்காரர் உரிமம் 25 டாலர், அதற்குள் போனால் வெளியூர்க்காரர் உரிமம் 315 டாலர். ஆறு மாதம் பொறுப்பது வில் வாங்கும் காசில் பாதியை மிச்சப்படுத்தும். வெள்ளைவால் மானின் வில் பருவத்துக்கு 7 டாலர் கூடுதல் முத்திரை. கட்டணம் மாறக்கூடும், வாங்கும் அன்று பாருங்கள். பாஸ்போர்ட், முகவரிச் சான்று, சோஷியல் செக்யூரிட்டி எண் கையில் இருக்கட்டும். உரிமம் செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரைதான், ஜூலையில் வாங்கினால் ஓரிரு மாதத்தில் தீரும்.

சாமான் செலவு: தொகுப்பு வில் 400–600, ஆறு அம்பு 60–100, முனை 35–50, ரிலீஸ் 60–100, பயிற்சிக் குறி 80–150, தூரமானி 150–250, கச்சை 60–120. மொத்தம் 850 முதல் 1,400 டாலருக்குள். வேட்டைக்கு நிலம் தரும் ராஞ்சுக்காரருக்கு (பண்ணைக்காரர்) கொடுக்கும் கட்டணம் தனி, அது பல நேரம் வில்லை விட அதிகம். வழிகாட்டி, தங்கல், இறைச்சி வெட்டித் தருவது இதில் எதெல்லாம் அடக்கம், காயம்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழுப்பணமா என்று எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் முழுப்பணம்தான்.

வெள்ளைவால் மானின் வில் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து வாரம். பின்னாலிருந்து எண்ணுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் வில் வாங்குங்கள், கடைக்காரர் நிதானமாக இருப்பார். ஆகஸ்டில் போனால் வரிசையில் நிற்க வேண்டும். ஜூன், ஜூலை முழுக்க ஃபீல்ட் பாயிண்ட், வாரம் மூன்று நாள், நாளுக்கு 30 அம்புக்கு மேல் வேண்டாம். களைத்த கை தப்பைப் பழகும். ஆகஸ்டில் பிராட்ஹெட். செப்டம்பரில் உட்கார்ந்தும் உயரத்திலிருந்தும் எய்து பாருங்கள்.

தங்குமிடத்தையும் முன்பே கேளுங்கள். பல பல்கலைக்கழக விடுதிகளில் வில் வைத்திருப்பதே விதிமீறல். நகர எல்லைக்குள் வீட்டுப் பின்புறத்தில் எய்யவும் பல ஊர்களில் தடை உண்டு.

10. விமானத்திலும், ஊர் திரும்பும்போதும்

வில்லும் அம்பும் கைப்பெட்டியில் போகாது. கடினப் பெட்டியில் வைத்துச் செக்-இன் பெட்டியாகப் பதியுங்கள், பிராட்ஹெட்டைக் கழற்றி உறையிட்டுத் தனி டப்பாவில் வையுங்கள்.

ஊருக்கு வரும்போது கொம்பு, தோல், இறைச்சி எதையும் கொண்டுவராதீர்கள். புள்ளிமானும் வெளிமானும் நீல்காயும் இங்கே சட்டப் பட்டியலில் இருப்பவை. டெக்சஸ் ரசீதைக் காட்டினாலும் விமானநிலையத்தில் பெட்டியும் நீங்களும் நிற்க வேண்டிவரும். முகப்பில் ஐயா காலத்துக் கொம்பு தொங்குகிறதே என்று அதன் பக்கத்தில் மாட்ட ஆசைப்பட வேண்டாம். அந்தப் பழைய கொம்புக்கே உரிமைச் சான்று இருக்கிறதா என்று வீட்டில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.